பதினோராவது மரம்

மணி அடித்தாயிற்று. இனி இருபது நிமிஷத்துக்கு நானும் பேசக் கூடாது, பிள்ளைகளும் பேசக் கூடாது, மலை மட்டும் வேண்டுமானால் பேசிக்கொள்ளலாம் என்று இந்தப் பள்ளியை நடத்துகிற ஹேமாக்கா சொல்வாள், அது என்னவோ இந்த ஐந்து மாசத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆளுக்கொரு மரம். புளிய மரத்தடியில் லோகித், அதற்கடுத்த வேம்பில் மித்ரா, அப்படியே சோத்தாங்கைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் கடைசியாக ஓடைக்கரையில் நிற்கிற வெப்பாலை மரத்தில் சஷ்டிகா. பதினொரு மரம், பதினொரு பிள்ளைகள், நாலு வயசிலிருந்து ஆறு வயசு வரைக்கும், நடுவில் இந்தப் பாறை மேல் நான். அவரவர் மரத்தடியில் அவரவர் தனியாக உட்கார்ந்து கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அதுதான் பாடம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களைத்தான் இப்படி மரத்தடியில் தனியாக உட்கார வைப்பார்கள், அஞ்சாம் வகுப்பில் பாதியை நான் வேப்ப மரத்தடியில்தான் படித்தேன், அப்படிப் பார்த்தால் இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் இந்தக் கொல்லிமலை அடிவாரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இதை ஒரு நாள் ஹேமாக்காவிடம் சொன்னேன், அவள் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்று லோகித், ரெண்டு மித்ரா, மூன்று, நாலு, பத்து, பதினொன்று. எல்லாரும் இருக்கிறார்கள். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் எண்ண வேண்டும். புளிய மரத்தில் ஆரம்பித்து வெப்பாலையில் முடிப்பேன். வெப்பாலையில் ஆரம்பித்துப் புளிய மரத்தில் முடிக்கவும் செய்யலாம்தான். ஆனால் சஷ்டிகா என் வயிற்றில் பிறந்தது, சொந்தப் பிள்ளையை முதலில் எண்ணினால் நன்றாக இருக்காது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே தோன்றிவிட்டது. மனசுக்குள் எண்ணுவது யாருக்குக் கேட்கப் போகிறது. இருந்தாலும்.

எல்லார் மணிக்கட்டிலும் ஒரு சிவப்புத் துணி. என் பழைய பாவாடையைக் கிழித்து நான்தான் ஓரம் அடித்துக் கொடுத்தேன். பூச்சி, பயம், வயிற்று வலி, ஒண்ணுக்கு, எதுவானாலும் கத்தக் கூடாது, எழுந்து ஓடி வரக் கூடாது, துணியை அவிழ்த்துத் தூக்கிக் காட்டினால் போதும், யாராவது வந்துவிடுவார்கள். யாராவது என்றால் நான். ஹேமாக்கா அந்தக் கடைசியில் கொட்டகையில் உட்கார்ந்து குறிப்பு எழுதுவாள், அவளுக்கு அங்கிருந்து நாலு மரம்கூடச் சரியாகத் தெரியாது. பதினொன்றும் தெரிகிற இடம் இந்தப் பாறை ஒன்றுதான். ஆகையால் நேற்று சஷ்டிகா துணியைத் தூக்கினாளா இல்லையா என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கும் என்றால் அது எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தொண்டையில் மீன் முள் மாதிரி இது ஒன்றுதான். சோறு இறங்குகிறது, தண்ணீர் இறங்குகிறது, இது இறங்க மாட்டேன் என்கிறது. நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் ஒரு பஸ் ஏறிக்கொண்டிருந்தது, ஒரு வளைவில் தெரியும், அடுத்த வளைவில் மறையும், பத்து வளைவு வரைக்கும் எண்ணினேன். பத்து வளைவு ஏற பஸ்ஸுக்கு எத்தனை நிமிஷம் ஆகும், நாலா, ஆறா. ஆறு நிமிஷம் ஒரு பிள்ளை கையைத் தூக்கி வைத்துக்கொண்டே இருக்குமா, கை வலிக்காதா, இறக்கிவிட்டிருக்கும். பஸ்ஸை நான் ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை. நேற்றுக் காலையில்தான், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், பாய்களை உதறிக்கொண்டிருந்தபோது ஹேமாக்கா சொன்னாள், "வாணி, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க சஷ்டிகாவைக் கொஞ்சம் அதிகமாப் பாக்கறீங்க. மத்த பத்துப் பேரும் அதைக் கவனிக்கறாங்க. அவளும் உங்களைப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருக்கா, மரத்தைப் பாக்கறதே இல்ல." நான் சிரித்துக்கொண்டே சரிங்கக்கா என்றேன். என்னைவிட ரெண்டு வயசு சின்னவள், இருந்தாலும் அக்கா, இங்கே எல்லாரும் எல்லாருக்கும் அக்காதான். அது முடிந்து ஒரு மணி நேரத்தில் இதே பாறையில் இதே மாதிரி நிற்கிறேன், சஷ்டிகா காலை ஆட்டுகிறாள், இடுப்பை நெளிக்கிறாள், நேராக என் முகத்தையே பார்க்கிறாள். என்னைப் பார்க்க வைக்கத்தான் இத்தனையும் செய்கிறாள் என்று நினைத்தேன். கள்ளி, எனக்குத் தெரியாதா உன்னை என்று நினைத்தேன், உள்ளுக்குள் சிரித்தேன்கூட. சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பி பஸ்ஸைப் பார்த்தேன்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் குளிக்க வைக்கச் சட்டையைக் கழற்றினால் தொடையிலும் முட்டிக்குப் பின்னாலும் இடுப்புப் பட்டியைச் சுற்றியும் தடிப்பு தடிப்பாக. சித்தெறும்பு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, கடித்தால் நெருப்பு. ஒவ்வொன்றாக எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டே எண்ணினேன், இருபத்தேழு. "எப்ப அம்மிணி கடிச்சுது?" "மரத்துக்கிட்ட உக்காந்திருந்தப்ப." "எந்திரிச்சு வர வேண்டியதுதான, சாமி?" "எந்திரிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்கக்கா." அக்கா. வீட்டுக் குளியலறையில், உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் நின்றுகொண்டு, பெற்றவளைப் பார்த்து அக்கா. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, "துணியத் தூக்கினியா?" என்று கேட்டேன். அவள் சொம்பை எடுத்துத் தன் தலையில் தானே தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். இன்னொரு சொம்பு. இன்னொரு சொம்பு. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் திரும்ப எப்படிக் கேட்பது. தலையைத் துவட்டும்போது கேட்டிருக்கலாம், சோறு போடும்போது கேட்டிருக்கலாம், காலையில் சடை பின்னும்போது முகம் எனக்குத் தெரியாது, அப்போது கேட்டிருந்தால் இன்னும் சுலபம். கேட்கவில்லை. தூக்கவில்லை என்று சொன்னால் அது ஒரு மாதிரி, தூக்கினேன் என்று சொன்னால் அது வேறு மாதிரி, ரெண்டில் எது வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ள என்னிடம் இடம் இல்லை.

லோகித் எறும்பிடம் பேசுகிறான். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை, சத்தம் வராத பேச்சு பேச்சில் சேராது என்று அவனே ஒரு சட்டம் போட்டு ஹேமாக்காவிடம் ஒப்புதலும் வாங்கிவிட்டான், பெரியவனானால் வக்கீலாகத்தான் போவான். மித்ரா அண்ணாந்து அணிலைப் பார்க்கிறாள், வாய் திறந்திருக்கிறது, அணில் எதையாவது போட்டால் நேராக உள்ளே போகும். வெயில் இன்னும் ஏறவில்லை. பாறை மட்டும் முந்திக்கொண்டு சுடுகிறது, செருப்பையும் தாண்டிச் சூடு தெரிகிறது, செருப்பின் வார் வேறு ரெண்டு நாளாகப் பிய்ந்து தொங்குகிறது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. வெப்பாலைக்கு வந்ததும் கண் தானாக நிற்கிறது, நகர்த்துகிறேன், அதிகமாகப் பார்க்கக் கூடாது, குறைவாகவும் பார்க்கக் கூடாது, ஒரு தாய் தன் பிள்ளையை எத்தனை விநாடி பார்த்தால் அளவாக இருக்கும் என்று அந்த நோட்டில் எங்காவது எழுதியிருந்தால் நல்லது. இன்றைக்கும் அவள் அதே மரத்துக்குத்தான் போனாள். ஹேமாக்கா காலையிலேயே விளக்குமாறு எடுத்துப் போய் வேரடியைக் கூட்டி மஞ்சள்தூளெல்லாம் போட்டு வைத்திருந்தாள், அவள் கெட்டவள் இல்லை, இருபத்தேழு கடி என்று நான் சொன்னதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பையிலிருந்து களிம்பு எடுத்துக் கொடுத்தாள். "சஷ்டிகா, இன்னிக்கு வேற மரம் எடுத்துக்கறியா?" என்று குனிந்து கேட்டாள். "வேண்டாங்கக்கா." "எறும்பு இருந்துச்சே, பயமா இல்லையா?" "எறும்பு மரத்தோடது." அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஹேமாக்கா என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா வாணி, எவ்வளவு பொறுமை, இருபது நிமிஷம் தானே சமாளிச்சிருக்கா, சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல நான் இதைச் சொல்லப் போறேன்," என்றாள். சொல்வாள். டாக்டர் அம்மாக்களும் கம்ப்யூட்டர் அப்பாக்களும் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுவார்கள். அந்தப் பொறுமைசாலியின் தாய் யார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நான் எந்தப் பக்கம் பார்ப்பது, அங்கே பஸ்ஸும் தெரியாது.

பள்ளிக்கூடத்துக்குள் வந்தால் நான் அம்மா இல்லை, வாணியக்கா. அது இங்கே சட்டம். மற்றப் பிள்ளைகளுக்கு இங்கே அம்மா இல்லாதபோது ஒரு பிள்ளைக்கு மட்டும் அம்மா இருந்தால் எப்படி என்று கேட்டார்கள், நியாயம்தான், நானே ரெண்டு நாள் வீட்டில் வைத்து விளையாட்டு மாதிரி பழக்கிக் கொடுத்தேன், சொல்லு அம்மிணி, வாணியக்கா, இன்னொரு தரம் சொல்லு. முதல் வாரம் அவளுக்கு ஒரே சிரிப்பு. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வாள். ரெண்டாவது வாரம் சிரிப்பு நின்றது. ஆடி மாசத்தில் ஒரு நாள் வீட்டில், அடுப்பில் ரசம் கொதிக்கும்போது, பின்னாலிருந்து "அக்கா, பசிக்குதுங்க" என்று கேட்டது, யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது என்றுதான் திரும்பினேன். சிரித்தேன். என்னத்தைச் செய்வது, எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும், சின்ன வயசிலிருந்தே. அவரிடம் போனில் சொன்னபோதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார், காலையில் வேலைக்கு இறங்கும் முன்னால் அஞ்சு நிமிஷம் பேசுவார், பின்னால் கம்ப்ரசர் உறுமும். "ஏம்புள்ள, இத்தன மாசமாகுது, அங்க என்னதான் சொல்லிக் குடுக்கறீங்க?" "சும்மா ஒக்காரச் சொல்லிக் குடுக்கறமுங்க." "அதுக்கு எங்கய்யன்கிட்ட உட்டாப் போதுமே, அவரு நாப்பது வருஷ அனுபவம்." சிரித்தோம். அக்கான்னு கூப்பிடறா என்றேன். "நல்லதாப் போச்சு, அப்ப எனக்கு மச்சினிச்சி," என்றார். அதற்கும் சிரித்தோம். அப்புறம் கம்ப்ரசர் பலமாக உறும, லைன் போய்விட்டது. வீட்டில் ஆள் நாங்கள் ரெண்டு பேர்தான். அந்த ரெண்டு பேரில் ஒருத்திக்கு அக்கா இருக்கிறாள், மற்றவளுக்கு யாரும் இல்லை போல ஆகிவிட்டது. தெருவில் குழாயடியில் நின்றால், "மரத்தடி டீச்சர் வந்துட்டாங்க, வழி உடுங்க, மரத்துக்கிட்டத் தமிழ்ல பேசுவீங்களா இங்கிலீசுலயா?" என்று கேட்பார்கள், நானும் "மரம் இங்கிலீசு மீடியமுங்க" என்பேன், எல்லாரும் சிரிப்பார்கள், என் குடம் நிறைந்துவிடும், தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். நான் போனதும் அவர்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சை எடுத்துக்கொள்வார்கள். காதில் விழும். என்னைப் பற்றி இல்லை, அதுகூட இல்லை, வேறு எதையோ பற்றி.

ஆறு, ஏழு. ஏழாவது பிள்ளை தூங்கிவிட்டது, தூங்கலாம், சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. ஓடைப் பக்கம் ஒரு செம்போத்து ஊம் ஊம் என்கிறது. பத்து. பதினொன்று. அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. நேற்று வரைக்கும் பார்த்தாள், இன்றைக்குத் திரும்பி உட்கார்ந்து மரத்தைப் பார்க்கிறாள், ஹேமாக்கா ஆசைப்பட்டது இதுதானே, இதோ நடந்துவிட்டது. முதுகில் அந்த நீலச் சட்டை. காற்று அடித்தால் சட்டை உப்புகிறது, நின்றால் ஒட்டிக்கொள்கிறது. கடி இப்போது அரிக்குமே, மறுநாள்தான் அதிகம் அரிக்கும், சொறிகிறாளா, இல்லை, கையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், சொறியாமல் எப்படி இருக்கிறாள் இந்தப் பிள்ளை, யாரிடம் கற்றாள். என்னிடம்தான். எனக்கு வலித்தால் நான் சிரிப்பேன், அவளுக்கு வலித்தால் அவள் சும்மா இருப்பாள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வேப்ப மரம் ஞாபகம் வருகிறது. பெருக்கல் வாய்ப்பாடு தப்பாகச் சொல்லி வாத்தியார் வெளியே நிறுத்தியிருந்தார், மண்டி போட்டிருந்தேன், கீழே வேப்பங்கொட்டை உறுத்துகிறது, அப்போது ரோட்டில் எங்கம்மா வருகிறாள், தலையில் சோளத்தட்டுக் கட்டு, அது ரெண்டு பக்கமும் தொங்கி முகத்தில் பாதியை மறைக்கிறது. மீதிப் பாதி என்னைப் பார்த்தது. பார்த்தது எனக்குத் தெரியும். அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தேன், அவள் கழுத்தைத் திருப்பி அந்தப் பக்கக் கிணற்றைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்விட்டாள். தலைச்சுமையோடு கழுத்தைத் திருப்புவது சாதாரண வேலை இல்லை, கட்டு சரிந்துவிடும், சிரமப்பட்டுத்தான் திருப்பியிருக்க வேண்டும். வாத்தியார் முன்னால் வெட்கப்பட்டாளோ, எனக்காகப் பேசப் போய் எனக்கு இன்னும் ரெண்டு அடி விழும் என்று பயந்தாளோ. அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு மட்டும் கடலை வறுத்துக் கொடுத்தாள். கேட்காமல் கொடுத்தாள். நானும் ஒன்றும் கேட்காமல் தின்றேன். அப்புறம் எனக்கு எது நடந்தாலும் அவளிடம் சொன்னதில்லை, சொல்லக் கூடாது என்று முடிவு எடுத்தெல்லாம் இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றாமலே போய்விட்டது. நல்லபடியாகத்தான் பேசிக்கொள்வோம். பொங்கலுக்குப் போவேன், சேலை எடுத்துக் கொடுப்பாள். ஆனால் துணி என்று ஒன்று கையில் கட்டியிருந்தால் அவளைப் பார்த்துத் தூக்கியிருக்க மாட்டேன், அந்தக் கிணற்றுப் பக்கம் திரும்பிய கழுத்துக்கு அப்புறம் ஒருநாளும் தூக்கியிருக்க மாட்டேன். நேற்று ராத்திரிச் சோற்றுக்கு நானும் சஷ்டிகாவுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல் செய்தேன். வட்டிலில் போடும்போது கை அப்படியே நின்றுவிட்டது. கடலை. அவள் ஒன்றும் கேட்காமல் தின்றாள்.

அதனால்தான் இன்றைக்கு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் கையைத் தூக்க வேண்டும். எதற்காகவாவது. எறும்பு வேண்டாம், எறும்பு கடித்துத் தூக்க வேண்டாம், ஒண்ணுக்கு வந்து தூக்கட்டும், சும்மா தூக்கட்டும். தூக்கினால் நேற்று நடந்தது ஒரு நாள் நடந்தது. தூக்காவிட்டால் இனிமேல் நடக்கப் போகிறதுக்கெல்லாம் நேற்று ஆரம்பம். வயசுக்கு வரும்போது, பஸ்ஸில் எவனாவது இடிக்கும்போது, கல்யாணம் ஆகிப் போன வீட்டில் ஒன்று என்றால், நன்றாக இருக்கிறேங்க என்பாள் போனில், சிரித்துக்கொண்டே சொல்வாள், நான் அம்மாவிடம் சொல்வது மாதிரியே. பாரேன், அஞ்சரை வயசுப் பிள்ளைக்குக் கல்யாணம் வரைக்கும் போய்விட்டேன், இருபது நிமிஷம் வாயை மூடி நிற்கச் சொன்னால் மனசு எங்கெல்லாம் போகிறது, பிள்ளைகளுக்கும் இப்படித்தான் போகுமோ, அதை யாரும் கேட்பதில்லை, என்ன பார்த்தீங்க என்றுதான் மணி அடித்ததும் கேட்போம். நேற்று வட்டத்தில் உட்கார்ந்து எல்லாரும் பார்த்ததைச் சொன்னார்கள், அணில், மேகம், லோகித் டைனோசர், சஷ்டிகா முறை வந்தபோது, "பஸ் போச்சுங்க," என்றாள். பஸ். ஹேமாக்கா எழுதிக்கொண்டாள். நான் அப்போது அதை... அவள் மலைக்கு முதுகு காட்டியல்லவா உட்காருவாள். வெப்பாலையின் வேர் அந்தப் பக்கம், உட்கார்ந்தால் முகம் என்னைப் பார்க்க, முதுகு மலையைப் பார்க்க, அவளுக்குப் பஸ் எப்படித் தெரியும். தெரியாது. திரும்பிப் பார்த்திருக்கிறாள். நான் எதை அப்படிப் பார்க்கிறேன் என்று, என் கண் போன வழியே, அத்தனை எறும்போடும் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அப்படியானால் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், அப்படியானால் கை. ஒன்று. ஒன்று லோகித். ரெண்டு. எண்ணு வாணி, எண்ணு. மூன்று, நாலு, அஞ்சு, ஆறு, தூங்குகிற ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

சிவப்பு. வெப்பாலை மரத்தடியில் சிவப்பு. கை நேராக மேலே, முழங்கை மடங்காமல், துணி காற்றில் சின்னதாக அடித்துக்கொள்கிறது, முகம் என்னைப் பார்க்கிறது. நடக்க வேண்டும், ஓடக் கூடாது, மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாமல் ஓரமாகச் சுற்றி மெதுவாகப் போக வேண்டும், எனக்கு அதெல்லாம் தெரியும், நானே புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாறையிலிருந்து குதித்ததுதான் தெரியும். நட்ட நடுவே ஓடுகிறேன், சருகு நொறுங்குகிற சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யார் கண்டது, அணில் கத்திக்கொண்டு ஏறுகிறது, பிய்ந்த வார் முழுதாகப் பிய்ந்து ஒரு செருப்பு எங்கோ போய்விட்டது, உள்ளங்காலில் முள் ஏறுகிறது, ஏறட்டும், கொட்டகையில் ஹேமாக்கா எழுந்து நிற்பது கடைக்கண்ணில் தெரிகிறது, நிற்கட்டும். முன்னால் போய் விழுந்த மாதிரி மண்டி போட்டேன். காலைப் பார்த்தேன், தொடையைப் பார்த்தேன், வேரைப் பார்த்தேன், மஞ்சள்தூள் அப்படியே இருக்கிறது, ஒரு எறும்பு இல்லை. மூச்சு வாங்குகிறது. "என்ன அம்மிணி. என்ன சாமி. எங்க கடிக்குது?" அவள் கையை இறக்கினாள். துணியை மடியில் வைத்து நீவி ரெண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். என் காலைப் பார்த்தாள், செருப்பில்லாத காலை. "ஒண்ணுமில்லீங்க," என்றாள், ரகசியம் மாதிரி, மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதே. "ஒண்ணுமில்லாம எதுக்குத் தூக்கின?" "வேல செய்யுதான்னு பாத்தேனுங்க." துணியைத் திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தாள், தையல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல. "நேத்து செய்யல. இன்னிக்குச் செய்யுது."

ஒரு கையை அவள் முட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன், தடிப்பெல்லாம் கைக்கு அடியில் தெரிந்தது, சின்னச் சின்னதாக, சூடாக. மன்னிச்சுக்கோ என்று சொல்லலாமா, அஞ்சரை வயசுக்கு அந்த வார்த்தை புரியுமா, நேத்து நான் பஸ்ஸப் பாத்துட்டேன், தெரிஞ்சே பாத்துட்டேன் என்று சொன்னேன். "தெரியும்," என்றாள். கோபமாக இல்லை. "போங்கக்கா, இன்னும் மணி அடிக்கல." அக்காதான். பரவாயில்லை, அக்கா என்று கூப்பிட்டே என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டாள், நான் தேறிவிட்டேனா என்று அவள் சொல்லவில்லை, ஒரு நாள் வேலை செய்தால் போதுமா, நாளைக்கும் தூக்கிப் பார்ப்பாள், நாளன்றைக்கும் பார்ப்பாள், பார்க்கட்டும். எழுந்து திரும்பினால் புளிய மரத்தடியில் ஒரு சிவப்பு. லோகித். ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு போனேன். என்ன என்று கண்ணால் கேட்டேன். சத்தம் வராத பேச்சில், வாயை நன்றாகத் திறந்து மூடி, "நானும் தூக்கிப் பாத்தேன்," என்றான். சரி என்று தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்தால் வேம்பில் மித்ரா. அவளுக்கு அப்பால் இன்னொன்று, அதற்கும் அப்பால் இன்னொன்று, பாதித் தூக்கத்தில் எழுந்த ஏழாவது என்ன ஏது என்று தெரியாமலே தன்னுடையதையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தோப்பு முழுக்க என் பழைய பாவாடை. ஹேமாக்கா கொட்டகை வாசலில் நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எழுதவில்லை. மணி அடித்து நிறுத்தலாம், அடிக்கவில்லை. சாயங்காலம் கூப்பிட்டுப் பேசுவாள், எப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியும், தப்பா எடுத்துக்காதீங்க வாணி என்றுதான் ஆரம்பிப்பாள். ஒவ்வொரு மரமாகப் போனேன். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, ஒவ்வொரு துணியையும் தொட்டு, வந்துட்டேன் என்று தலையை ஆட்டி, அடுத்ததற்கு. எல்லாரும் கையை இறக்கின பிறகு பாறைக்கு வந்து ஏறி நின்றேன். ஒரு காலில் சூடு, ஒரு காலில் முள். செருப்பு நடுவில் குப்புறக் கிடக்கிறது, யாரும் எடுக்கவில்லை. இங்கே நின்று கையைத் தூக்கினால் ஓடி வர எனக்கு யாரும் இல்லை, என் கையில் துணியும் இல்லை, பதினொன்றுதான் கிழித்தேன். மலைப்பாதையில் ஏதோ வண்டி ஏறுகிற சத்தம் கேட்கிறது. கேட்கட்டும். இன்னும் நாலு நிமிஷமாவது இருக்கும் மணிக்கு, எண்ண வேண்டும். வெப்பாலை மரத்தடியில் நீலச் சட்டை, மடியில் நாலாக மடித்த சிவப்பு, முகம் என் பக்கம்.

ஒன்று.